இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில்

வணக்கம் நேயர்களே.

பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிப் பேச வருகிறேன் என்று வீட்டில் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பில் நியாயம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலானவர்கள் பேஸ்பால் மட்டையைப் பார்த்ததே சினிமாவில் அடியாள் கையில்தான். அதை வைத்து ஒரு பந்தையும் அடிக்கலாம் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியவரும்.

எனக்குத் தெரியவந்தது தென்கொரியாவில். ஆராய்ச்சி வேலையாகக் குவாங்ஜு என்ற ஊரில் நான்கு வருடம் இருந்தேன். நாட்டின் தென்மேற்கு மூலையில், ஜொல்லா வட்டாரத்தில் இருக்கும் பெரிய நகரம் அது. நான் தங்கியிருந்த அறைக்குக் கீழே ஒரு குக்பாப் கடை. குக்பாப் என்றால் கொதிக்கும் சூப்பில் சோற்றைப் போட்டுத் தருவது. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். 'அஜொஸ்ஸி' என்று கூப்பிடுவேன். நம் ஊர்க் கடைத்தெருவில் 'அண்ணாச்சி' என்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. கடையில் ஒரு டிவி. மாலை ஆறரை மணியானால் அதில் பேஸ்பால். கொரிய லீகில் திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது. அன்றைக்கு மட்டும் அவர் முகத்தைப் பார்க்க முடியாது, சூப்பிலும் உப்பு கூடிவிடும்.

அந்த டிவியில் இளம் வீரர் யாராவது நன்றாக ஆடினால் நான் ஆர்வமாகக் கேட்பேன்: "எப்படி, நல்ல ஆட்டக்காரர்தானே?" அவர் தலையை ஆட்டுவார். "நல்லவன்தான். ஆனால் ஜோங்-பொம் இல்லை." எத்தனை பேரைக் காட்டினாலும் இதே பதில்தான். அந்த ஜோங்-பொம் யார் என்று தேடப்போய்தான் இந்த உரை.

முழுப்பெயர் லீ ஜோங்-பொம். பிறந்தது குவாங்ஜுவில், 1970 ஆகஸ்ட் 15 அன்று. நமக்கு அது சுதந்திர தினம். கொரியர்களுக்கும் அதுவே விடுதலை நாள், 1945இல் ஜப்பானிடமிருந்து விடுபட்ட நாள். ஜப்பான் இந்தக் கதையில் திரும்பவும் வரும்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு நிமிடம். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. கிரிக்கெட்டில் ஓட்டம் எடுக்க இரண்டு முனை. பேஸ்பாலில் நான்கு மூலை. வைரக்கல் வடிவத்தில் ஒரு கட்டம், ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பேஸ். பந்தை அடித்தவர் முதல் பேஸுக்கு ஓட வேண்டும். அவர் போய்ச் சேரும் முன் பந்து அங்கே நிற்பவர் கைக்கு வந்துவிட்டால் அவுட். தூரம் 27.43 மீட்டர். வேகமாக ஓடுபவருக்கு நான்கு விநாடி.

அந்த நான்கு விநாடிக்குள் பந்தை எடுத்து எறிபவர்கள் உள்வட்டக்காரர்கள். அவர்களில் இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்பவருக்கு ஷார்ட்ஸ்டாப் என்று பெயர். அவருக்கென்று ஒரு பேஸ் கிடையாது, நிற்கும் இடத்தில் கோடும் இல்லை, மண் மட்டும்தான். ஆனால் வலதுகை மட்டையாளர்கள் ஓங்கி அடிக்கும் பந்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். அங்கிருந்து முதல் பேஸுக்கு எறிய வேண்டிய தூரமும் அதிகம். அதனால் பள்ளிக்கூட அணிகளில் இருப்பதிலேயே கெட்டிக்காரப் பையனைத்தான் அங்கே நிறுத்துவார்கள்.

இன்னொரு விஷயம். ஷார்ட்ஸ்டாப்பாக நிற்பவர் வலதுகையால் எறிபவராக இருக்க வேண்டும். இடதுகைக்காரர் என்றால் பந்தை எடுத்ததும் உடம்பையே திருப்பித்தான் முதல் பேஸுக்கு எறிய முடியும். அந்த அரை விநாடியில் ஆள் தப்பிவிடுவார். லீ ஜோங்-பொம் பிறவியில் இடதுகைக்காரர். சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் இடதுகையால். பந்து எறிந்தது மட்டும் வலதுகையால். ஒரு இடத்தில் நிற்பதற்காக ஒருவர் தன் கையையே மாற்றிக்கொண்டிருக்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வலதுகைக்கு என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன்.

அவர் படித்தது குவாங்ஜு ஜேஇல் உயர்நிலைப் பள்ளியில். வேகமாகச் சொன்னால் ஜெயில் என்று கேட்கும். கொரிய மொழியில் 'ஜேஇல்' என்றால் முதலாவது. ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக 1929இல் மாணவர் போராட்டம் வெடித்தபோது முன்னால் நின்ற பள்ளிகளில் ஒன்று அது. பேஸ்பாலிலும் பேர் பெற்றது.

குவாங்ஜு என்றால் கொரியர்களுக்கு இன்னொரு ஞாபகம் வரும். 1980 மே. ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊரே தெருவுக்கு வந்தது, படை வந்து சுட்டது. மே 20 அன்று டாக்சி ஓட்டுநர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக ஊர்வலம் கிளம்பிய இடம் முதுங் விளையாட்டரங்கம், அதாவது ஊரின் பேஸ்பால் மைதானம். அப்போது ஜோங்-பொம்முக்கு ஒன்பது வயது. இரண்டே வருடத்தில், 1982இல், அதே ராணுவ ஆட்சியின் ஆதரவோடு தொழில்முறை பேஸ்பால் லீக் தொடங்கியது. குவாங்ஜுவுக்குக் கிடைத்த அணி ஹைடாய் டைகர்ஸ். ஹைடாய் என்பது பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் செய்கிற கம்பெனி. கொரியாவில் அணிகளுக்கு ஊர்ப்பெயரைவிடக் கம்பெனிப் பெயர்தான் முன்னால் நிற்கும். சிவப்புச் சட்டை, கறுப்பு பேண்ட். வாய் திறந்து எதையும் சொல்ல முடியாத காலத்தில் அந்த ஊர் மைதானத்தில் போய்க் கத்தியது. அணி பணக்கார அணி இல்லை. ஆனால் 1983 தொடங்கி 1997 வரை 9 முறை பட்டம் வென்றது. ஆட்சியாளர்கள் மக்களை அரசியலிலிருந்து திசை திருப்ப ஆரம்பித்ததை இந்த ஊர் எப்படித் தன் பக்கம் திருப்பிக்கொண்டது என்பதைச் சொல்லத் தனியாக ஒரு உரை வேண்டும்.

சரி, ஜோங்-பொம்முக்கு வருவோம். கொன்குக் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு 1993இல் ஹைடாய் அணியில் சேர்ந்தார். முதல் பருவத்திலேயே 73 ஸ்டீல். இந்த ஸ்டீல் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இவர் பேரே அதில்தான் இருக்கிறது. ஒரு பேஸில் நிற்பவர், பிட்சர் (நம் பந்துவீச்சாளர்) பந்தை எறியத் தொடங்கும் கணத்தில், யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்துக்கொள்வதுதான் ஸ்டீல். திருட்டேதான். பிட்சர் எறிந்து, மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் வாங்கி, அவர் இரண்டாம் பேஸுக்கு எறிவதற்கு மூன்று விநாடி சொச்சம். அதற்குள் போய்ச் சேர வேண்டும். ஜோங்-பொம் ஒரே ஆட்டத்தில் 6 முறை இப்படித் திருடியிருக்கிறார். அந்த வருடக் கொரியன் சீரிஸ் இறுதிப் போட்டிகளில், சாம்சங் அணிக்கு எதிராக, 7 முறை. அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. ஆனால் சிறந்த புதுமுகம் விருது அவருக்குக் கிடைக்கவில்லை, சாம்சங்கின் யாங் ஜுன்-ஹ்யொக் வாங்கினார். குக்பாப் கடை அஜொஸ்ஸி இதை முந்தாநாள் நடந்த அநியாயம் போலச் சொல்லுவார்.

'காற்றின் மகன்' என்று பட்டப்பெயர் வந்தது. தமிழில் இதைச் சொன்னால் நமக்கு உடனே அனுமன் நினைவு வரும், வாயுபுத்திரன். கொரியர்களுக்கு அனுமனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்கள் பார்த்தது ஒரு ஆள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடியதைத்தான்.

அப்புறம் 1994. இந்த வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச ஆசை.

பேஸ்பாலில் பத்து முறை மட்டையைப் பிடித்து மூன்று முறை ஒழுங்காக அடித்தால் நல்ல ஆட்டக்காரர். பத்துக்கு நான்கு என்றால் அது கனவு. கொரிய லீகின் முழு வரலாற்றில் ஒரு பருவம் முழுக்க அப்படி அடித்தவர் ஒருவர்தான், முதல் வருடமான 1982இல், பெக் இன்-சொன். 1994இல் ஜோங்-பொம் அதை நோக்கிப் போனார். ஆகஸ்ட் மாதக் கடைசிப் பகுதி வரை பத்துக்கு நான்கை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தார். நடுவில் வயிற்றுக்கோளாறு வந்து ஆள் தளர்ந்துவிட்டதாகச் சொல்வார்கள். முடிவில் நின்றது 0.393. கொரியர்கள் இதைத் தசமத்தில் சொல்ல மாட்டார்கள், 'சாம் ஹால், கு பூன், சாம் ரி' என்று சொல்வார்கள். மூன்று பத்தில் ஒன்று, ஒன்பது நூறில் ஒன்று, மூன்று ஆயிரத்தில் ஒன்று. நம் பழைய மாகாணி, காணி வாய்பாடு மாதிரி ஒரு ஓசை அதில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 499 முறை அடிக்க நின்றார், 196 முறை வெற்றி. இன்னும் நாலே நாலு அடி கிடைத்திருந்தால் 200. அந்த 200ஐ 499ஆல் வகுத்தால் 0.4008. பத்துக்கு நான்கும் தாண்டியிருக்கும், இருநூறும் வந்திருக்கும். இரண்டு கோட்டையும் ஒரே நாலு அடியில் தவறவிட்டார். மூன்று மாத வெயிலில் பிட்சர் கைக்கே போன பந்துகளில் நாலு, ஒரு அடி இந்தப் பக்கம் தள்ளிப் போயிருந்தால்... சரி, விடுங்கள். அஜொஸ்ஸி இதை நாப்கினில் எழுதிக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்த 196ஐத் தாண்ட லீகுக்கு 20 வருடம் ஆனது. 2014இல் சொ கொன்-சாங் 201 அடித்தார். அவர் படித்ததும் அதே ஜேஇல் பள்ளியில்தான்.

அந்தப் பருவத்தில் ஸ்டீல் மட்டும் 84. ஆடியது 124 ஆட்டம். அந்த 84ஐ இன்றுவரை யாரும் தொடவில்லை. லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். இதெல்லாம் மட்டையோடும் காலோடும் செய்தது. அதற்கு நடுவே ஒவ்வொரு ஆட்டத்திலும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று பந்து பொறுக்கினார். எண்களைப் பார்த்து வியப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். களத்தில் மிகவும் களைப்பூட்டும் இடங்களில் ஒன்றில் நின்றுகொண்டே அடித்த எண்கள் இவை.

1995இல் ராணுவக் கடமை. கொரிய ஆண்களுக்கு அது தப்பாது. அவருக்குக் கிடைத்தது வீட்டிலிருந்தே போய்வரும் உள்ளூர்ப் பணி. ஊரைவிட்டு வெளியே போக முடியாது, அதனால் சொந்த ஊர் ஆட்டங்களில் மட்டும் ஆடினார். பகலில் கடமை, மாலையில் மைதானம். வெளியூர் ஆட்டங்கள் நடக்கும்போது வீட்டில். அரைப் பருவம்தான் ஆடினார், அதிலும் 16 ஹோம் ரன். ஹோம் ரன் என்றால் நம் சிக்சர் மாதிரி, பந்து வேலியைத் தாண்டிப் போகும் அடி.

1996இலும் 1997இலும் ஹைடாய்க்குப் பட்டம். 1997இல் ஜோங்-பொம் 30 ஹோம் ரன் அடித்தார், 64 முறை ஸ்டீலும் செய்தார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. ஹோம் ரன் அடிப்பவர்கள் பொதுவாக மலை மாதிரி இருப்பார்கள், திருடுபவர்கள் சிட்டுக்குருவி மாதிரி. அவர் வரிசையில் முதலாவதாக மட்டை பிடித்தவர் வேறு. ஹோம் ரன் பட்டத்தை லீ சுங்-யொப் 32 அடித்து வாங்கினார், இரண்டே வித்தியாசம். அணியில் கேட்சர் பற்றாக்குறை வந்த ஒரு சமயம் முகக்கவசம் மாட்டிக்கொண்டு கேட்சராகவும் உட்கார்ந்திருக்கிறார் இந்த மனிதர்.

ஹைடாயின் மேலாளர் கிம் உங்-யொங், யானை மாதிரி பெரிய ஆள். பேச்சு குறைவு. அவர் சொன்னதாகக் கொரியாவில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வாக்கியம் உண்டு: பிட்சர் என்றால் சன் தொங்-யொல், மட்டை என்றால் லீ சுங்-யொப், பேஸ்பால் என்றால் லீ ஜோங்-பொம். இதைவிடப் பெரிய பாராட்டை யாருக்கும் எழுதித் தர முடியாது.

முதல் ஐந்து பருவத்தின் கணக்கு: 310 ஸ்டீல், 106 ஹோம் ரன், மூன்று பட்டம். வயது 27.

இப்போது 1997இன் கடைசிக்கு வாருங்கள். அக்டோபர் கடைசியில் ஹைடாய் பட்டம் வென்றது. நவம்பர் பிறந்ததுமே ஹைடாய் குழுமம் கடன் கட்ட முடியாமல் திவாலானது. அந்த மாதத்திலேயே கொரிய அரசு சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்தியது. கொரியர்கள் இன்றும் அந்தக் காலத்தை 'ஐ.எம்.எஃப் காலம்' என்றே சொல்கிறார்கள். வீட்டு நகைகளையும் கல்யாண மோதிரங்களையும் நாட்டின் கடனை அடைக்கக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹைடாயிடம் இருந்த தங்கம் ஜோங்-பொம். அணி அவரை ஜப்பானின் நாகோயா நகரத்துச் சூனிச்சி டிராகன்ஸுக்கு அனுப்பிப் பணம் வாங்கிக்கொண்டது. மகா பிட்சர் சன் தொங்-யொல் அதற்கு இரண்டு வருடம் முன்பே அங்கே போயிருந்தார். குவாங்ஜுவில் மிஞ்சிய மேலாளர் கிம், "தொங்-யொலும் இல்லை, ஜோங்-பொம்மும் இல்லை" என்று அலுத்துக்கொண்டதாக ஒரு வாக்கியம் நாடு முழுக்கப் பரவியது. தொலைக்காட்சி நகைச்சுவையில் அவர் குரலில் அதைச் சொல்லிச் சொல்லியே பிரபலமாக்கினார்கள். கையில் காசில்லாத வீட்டில் இன்றும் அது ஒரு பழமொழி மாதிரி. சிரித்தார்கள், ஆனால் அது எல்லார் வீட்டுக் கதையாகவும் இருந்தது. ஹைடாய் என்ற பெயரில் அதன்பின் ஒரு பட்டமும் வரவில்லை.

ஜப்பானில் ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. அதே ஷார்ட்ஸ்டாப் இடம், அதே வேகம். 1998 ஜூன் 23. ஹான்ஷின் டைகர்ஸுடன் ஆட்டம். பிட்சர் கவாஜிரி எறிந்த பந்து உள்ளே திரும்பி வந்து ஜோங்-பொம்மின் முழங்கையில் பட்டது. எலும்பு முறிந்தது. எந்தக் கை? வலதுகை. இடதுகைக்காரராகப் பிறந்தவர் ஷார்ட்ஸ்டாப்பாக நிற்பதற்காகப் பழக்கிக்கொண்ட அதே வலதுகை.

அந்தப் பருவத்தில் மொத்தம் 67 ஆட்டத்தோடு நின்றது. மருத்துவம், பயிற்சி, மறுபடி மருத்துவம். அந்த இடைவெளியில்தான், ஆகஸ்ட் 20 அன்று, நாகோயாவில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். கை கட்டில் இருக்க, பிள்ளையை எந்தக் கையில் வாங்கினாரோ.

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஃபுகுதோமே என்ற புது இளைஞர் நின்றார். ஜோங்-பொம்மை வெளிவட்டத்துக்கு அனுப்பினார்கள். வெளிவட்டம் என்றால் புல்தரை, பந்து எப்போதாவது வரும். அணி அந்த வருடம் தன் லீகின் பட்டத்தை வென்றது, அதில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் மன உளைச்சலில் தலையில் வட்ட வட்டமாக முடி கொட்டியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜப்பான் பத்திரிகைகளில் தோற்றுப்போனவர் என்று எழுதினார்கள். 0.261 சராசரி, மூன்றரைப் பருவத்தில் 53 ஸ்டீல். வேறு யாராவது என்றால் பரவாயில்லை என்போம்.

என் கட்சி இதுதான். லீ ஜோங்-பொம் என்ற பெயரில் இரண்டு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் 1993 முதல் 1998 ஜூன் வரை மண்தரையில் நின்ற ஷார்ட்ஸ்டாப். மற்றவர் அதற்குப்பின் பதிமூன்று வருடம், பெரும்பாலும் புல்தரையில் நின்று ஆடியவர். எல்லாரும் முதல் ஆளைப் பற்றியே பேசுகிறார்கள். அஜொஸ்ஸியும் அப்படித்தான். எனக்கு இரண்டாவது ஆளைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. ஊருக்குள் இதைச் சொன்னால் எனக்குச் சூப்பு கிடைத்திருக்காது.

2001இல் அவர் திரும்பி வந்தார். அதே கோடையில் திவாலான ஹைடாயிடமிருந்து கியா கார் கம்பெனி அணியை வாங்கியது. கியாவுக்குக் குவாங்ஜுவில் பெரிய தொழிற்சாலை உண்டு. பெயர் மாறியது, டைகர்ஸ் மட்டும் ஒட்டிக்கொண்டது. போனவர் திரும்பி வந்ததும் மைதானம் நிரம்பியது.

2002 கோடையில் இன்னொரு பந்து. இம்முறை முகத்தில். கன்ன எலும்பு உடைந்தது. முகத்தைப் பாதி மூடும் கம்பி வைத்த ஹெல்மெட் மாட்டிக்கொண்டு திரும்பி வந்து நின்றார். பந்து பட்டவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்த பந்து வரும்போது உடம்பு தானாகப் பின்னால் சாயும், எவ்வளவு சொன்னாலும் கேட்காது. அவருக்கு முழங்கையும் போய், கன்னமும் போயிருந்தது. 2003இல் அவர் என்ன செய்தார் தெரியுமா? 20 ஹோம் ரன், 50 ஸ்டீல். முப்பத்துமூன்று வயதில் அந்த வருடத்தின் ஸ்டீல் பட்டம். 1994இன் 84ஐவிட இந்த 50 எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பிறகு 2006. உலக பேஸ்பால் கிளாசிக் என்ற போட்டி முதல்முறையாக நடந்தது. கொரிய அணிக்குத் தலைவர் ஜோங்-பொம், வயது 35. அமெரிக்காவில் அனாஹைம் மைதானத்தில் ஜப்பானுடன் ஆட்டம். எட்டாவது சுற்று வரை இரண்டு பக்கமும் பூஜ்யம். அப்போது கொரியாவுக்கு இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள் இருக்கிறது. மட்டை பிடிக்க வருகிறார் ஜோங்-பொம். எதிரே பிட்சர் ஃபுஜிகாவா. அந்தக் காலத்தில் அவர் பந்து நேராக வந்து மேலே எழும்புகிற மாதிரி இருக்கும் என்பார்கள். அவர் எந்த அணி? ஹான்ஷின். எட்டு வருடத்துக்கு முன் முழங்கையை உடைத்த பந்து வந்தது அதே அணியிலிருந்து.

ஜோங்-பொம் அடித்தார். பந்து இடதுபக்க நடு வெளியில் விழுந்து ஓடியது. பேஸில் நின்ற இரண்டு பேரும் சுற்றி முடித்துக் கிளம்பிய மூலைக்கே வந்து சேர்ந்தார்கள், இரண்டு ஓட்டம். அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினார். இரண்டாம் பேஸில் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. மூன்றாவதையும் பிடிக்க ஓடி அங்கே அவுட் ஆனார். அது பழைய திருடனின் புத்தி. யாருக்கும் வருத்தமில்லை. கடைசிச் சுற்றில் ஜப்பான் ஒன்று எடுத்தது, ஆட்டம் 2-1. முடிந்ததும் சொ ஜே-உங் என்ற கொரியப் பிட்சர் மைதான நடுமேட்டில் தேசியக் கொடியை நட்டார். அவரும் ஜேஇல் பள்ளிதான். மூன்று நாள் கழித்து அரையிறுதியில் அதே ஜப்பான் 6-0 என்று கொரியாவை வீட்டுக்கு அனுப்பிப் பட்டத்தையும் வென்றது. அதைக் கொரியாவில் யாரும் அவ்வளவாக ஞாபகம் வைத்திருக்கவில்லை. போட்டியின் சிறந்த பதினொருவர் மாதிரி ஒரு கனவு அணியைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் வெளிவட்டக்காரராக ஜோங்-பொம் இருந்தார். ஆமாம், வெளிவட்டக்காரராக.

அதன்பின் இறங்குமுகம். போதும், ஓய்வெடுங்கள் என்று நாலா பக்கமும் சொன்னார்கள். கேட்கவில்லை. 2009இல் கியா கொரியன் சீரிஸ் இறுதிக்கு வந்தது. ஏழாவது ஆட்டத்தில் 1-5 என்று பின்தங்கி, சமன் செய்து, கடைசிச் சுற்றில் நா ஜி-வான் அடித்த ஹோம் ரனில் 6-5 என்று வென்றது. 1997க்குப் பின் 12 வருடம் கழித்து வந்த பட்டம், டைகர்ஸுக்குப் பத்தாவது. 39 வயது ஜோங்-பொம் மைதானத்தில் அழுதார்.

2012 மார்ச் கடைசியில், பருவம் தொடங்கச் சில நாளே இருக்கும்போது, முதல் அணியில் இடமில்லை என்று தெரிந்ததும் ஓய்வை அறிவித்தார். அப்போது கியாவின் மேலாளர் யார் என்றால் சன் தொங்-யொல். குவாங்ஜுவிலும் நாகோயாவிலும் கூட ஆடிய மூத்தவர். இதைப் பற்றிக் கியா ரசிகர்கள் இன்றும் இரண்டு கட்சி. 1706 ஆட்டம், 1797 அடி, 510 ஸ்டீல் என்று கொரியக் கணக்கு முடிந்தது. அவர் போட்டிருந்த 7ஆம் எண்ணை அணி யாருக்கும் தராமல் எடுத்து வைத்துவிட்டது.

நாகோயாவில் பிறந்த பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பெயர் லீ ஜங்-ஹூ. பட்டப்பெயர் தானாக வந்துவிட்டது, 'காற்றின் பேரன்'. பள்ளியில் அவனும் ஷார்ட்ஸ்டாப். தொழில்முறைக்கு வந்ததும் வெளிவட்டத்துக்கு மாற்றினார்கள். அப்பாவுக்கு எலும்பு முறிந்து நடந்தது மகனுக்குச் சத்தமில்லாமல் நடந்தது. இடதுகைக்கார அப்பா வலதுபுறம் நின்று அடித்தார். வலதுகைக்காரப் பிள்ளை இடதுபுறம் நின்று அடிக்கிறான். அங்கிருந்து முதல் பேஸ் இரண்டடி பக்கம் என்று அப்பா பழக்கிய பழக்கம். 2017இல் சிறந்த புதுமுகம் விருதைப் பையன் வாங்கினான். அஜொஸ்ஸியின் 1993 வருத்தம் அன்றைக்குத் தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. 2022இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது. அப்பாவும் மகனும் அதை வாங்கியது கொரியாவில் அதுவே முதல் முறை. 2023 கடைசியில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ஆறு வருடத்துக்கு 11.3 கோடி டாலர் பேசி அழைத்துக்கொண்டது. இப்போது அமெரிக்க மைதானங்களில் ஜோங்-பொம் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பதைக் கேமரா தேடிப் பிடித்துக் காட்டுகிறது.

ஒரே ஒரு முறை அஜொஸ்ஸி கடையை மூடிவிட்டு என்னைப் புது மைதானத்துக்கு அழைத்துப் போனார். 2014இல் திறந்தது, பழைய முதுங் அரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வறுத்த கோழி ஒரு டப்பா, இரண்டு பியர். குவாங்ஜுவில் ஊர்க்காரர்கள் உட்காருவது மூன்றாம் பேஸ் பக்கம். அங்கே உட்கார்ந்தால் ஷார்ட்ஸ்டாப் நேர் எதிரே தெரிவார். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு பணியாளர்கள் வந்து மண்ணைச் சீவிச் சமன் செய்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் தெளித்து, ஒரு காலடித் தடம்கூட இல்லாமல் பழுப்பாக இருந்தது. அஜொஸ்ஸி கோழியை எடுக்காமல் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வீரர்கள் ஓடி வந்தார்கள். கியாவின் இளம் ஷார்ட்ஸ்டாப் வந்து காலால் மண்ணை இரண்டு முறை கிளறிவிட்டு நின்றான். "எப்படி?" என்று நான் கேட்டேன். "நல்லவன்தான்" என்று சொல்லிவிட்டு அஜொஸ்ஸி டப்பாவைத் திறந்தார்.

வணக்கம்.